கம்பைலர் தந்த ஜாவாஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு காபிஸ்கிரிப்டைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: ஐயா, ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் மசாலைப் பொருள்களை மொத்தமாக விற்கும் கடை வைத்திருக்கிறோம். 2012இல் என் அண்ணன் மகன் காபிஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தான்; பல ஆண்டுகள் அவனே பார்த்தும் கொண்டான். இப்போது அவன் வெளிநாட்டில் இருக்கிறான். புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான் தெரியும். மின்விலைப்பட்டியலுக்காக (இ-இன்வாய்ஸ்) நிரலில் கை வைத்தாக வேண்டும். கம்பைலர் என்னும் மாற்றும் மென்பொருள்தான் காபிஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தருகிறதே, அந்த ஜாவாஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடலாமா? — வாசகி, பினாங்கு

பதில்: அழித்துவிடாதீர்கள், அம்மா. முதலில் பழைய கோப்புகள் அனைத்தையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, எந்தப் பதிப்புக் கம்பைலரில் அவை ஓடின என்பதையும் எழுதி வையுங்கள். அதன் பிறகு மற்றதைப் பேசலாம்.

அண்ணன் மகன் செய்த தேர்வில் தவறில்லை. ஜெரமி ஆஷ்கெனாஸ் 2009இல் வெளியிட்ட காபிஸ்கிரிப்ட் அந்த நாளில் எழுதுவதற்கு அவ்வளவு சுகமாக இருந்தது. 2015இல் ஜாவாஸ்கிரிப்டே அதன் நல்ல அம்சங்கள் பலவற்றைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அதனால் அதைக் கற்பவர்கள் குறைந்துபோனார்கள்.

கம்பைலர் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட், இயந்திரம் ஓட்டுவதற்காக எழுதப்பட்டது. மனிதர் திருத்துவதற்காக அல்ல. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளின் விலையையும் எடு என்று அண்ணன் மகன் ஒரே வரியில் எழுதியிருப்பான். கம்பைலர் அதை ஏழெட்டு வரியாக விரித்து, ‘ரெஃப்’, ‘லென்’, ‘ரிசல்ட்ஸ்’ என்று தானே பெயர் வைத்த மாறிகளை (மதிப்புகளைச் சேமித்து வைக்கும் பெயர்களை) இடையில் நுழைத்திருக்கும். பழைய பதிப்பு என்றால், படிப்பவருக்காக நிரலுக்கு இடையில் எழுதி வைத்த சாதாரணக் குறிப்புரைகளையும் நீக்கியிருக்கும். ‘இந்த வாடிக்கையாளருக்கு மட்டும் மூட்டைக் கணக்கு’ என்று அவன் எழுதி வைத்த ஒரு வரி போனால், அதன் காரணத்தை அந்தத் தம்பி யாரிடம் போய்க் கேட்பார்?

உங்களுக்குத் தேவையானது வேறொரு கருவி: டீகாஃபினேட். பெயருக்கேற்ப, காபிஸ்கிரிப்டைக் கொடுத்தால் மனிதர் படித்துத் திருத்தக்கூடிய இக்கால ஜாவாஸ்கிரிப்டாக மாற்றிக் கொடுக்கும், குறிப்புரைகளையும் காப்பாற்றும். பொருள் மாறிவிடக் கூடாது என்பதற்காகச் சில இடங்களில் தேவைக்கு மேல் எழுதிவிடும். எங்கே சுருக்கலாம் என்று கோப்பின் தலையிலேயே ஒரு குறிப்பும் வைக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்துத் தம்பி ஒவ்வொன்றாகச் சீர்செய்யலாம். அவசரம் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு கோப்பு போதும்.

கையால் மாற்றி எழுதிவிடலாமே என்று அவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு நான் அப்படி மாற்றிக் கொடுத்தேன். காபிஸ்கிரிப்டில் ‘வரி ?= 6’ என்று இருந்தது. வரி விகிதம் கொடுக்கப்படாவிட்டால் மட்டும் 6 என்று வைத்துக்கொள் என்பது அதன் பொருள். நான் அதை ‘வரி = வரி || 6’ என்று எழுதினேன். மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் தெரியவில்லை. 2018 ஜூன் 1ஆம் தேதி அரசாங்கம் பொருள் சேவை வரியை 6 விழுக்காட்டிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. கடைக்காரர் கணினியில் பூஜ்யம் என்று போட்டார். பில்லில் 6 விழுக்காடு வந்தது. ஏனென்றால் ‘||’ குறிக்குப் பூஜ்யமும் ஒன்றுதான், வெறுமையும் ஒன்றுதான். அன்று காலை கடைக்கு ஓடிப்போய் நிரலில் அந்த ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். இன்று அதே இடத்தில் ‘??’ என்று எழுதலாம். 2020இல் வந்த குறி அது, பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே மதிக்கும். தள்ளுபடி, வண்டிக்கூலி என்று பூஜ்யம் வரக்கூடிய இடங்கள் உங்கள் நிரலிலும் இருக்கும். அங்கெல்லாம் இதைத் தேடிப் பாருங்கள்.

கம்பைலரை மட்டும் புதுப்பித்துக்கொண்டு காபிஸ்கிரிப்டிலேயே தொடர்வதும் ஆபத்தில்லாத வழியல்ல. முதல் பதிப்பில், செயற்கூறுக்கு (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதிக்கு) வைத்த இயல்பு மதிப்பு, அதாவது எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள் என்று வைத்த மதிப்பு, ‘நல்’ என்னும் வெற்று மதிப்பு வந்தாலும் வேலை செய்தது. 2017இல் வந்த இரண்டாம் பதிப்பில், மதிப்பே வராதபோது மட்டும்தான் வேலை செய்கிறது. தரவுத்தளம் வரி விகிதத்துக்கு ‘நல்’ அனுப்பினால், ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பெருக்கும்போது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. பில்லில் வரி இருக்காது.

ஆகவே சோதனையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சென்ற மாதத்துப் பில்கள் முழுவதையும் பழைய நிரலிலும் புதிய நிரலிலும் ஓட்டி, மொத்தத்தைச் சென் கணக்கில் ஒப்பிடச் சொல்லுங்கள். 2008 ஏப்ரல் முதல் ரொக்கப் பில்லை ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறோம் அல்லவா? 12 ரிங்கிட் 42 சென் 12.40 ஆகவும், 43 சென் 12.45 ஆகவும் வருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். தள்ளுபடி பூஜ்யமான பில் ஒன்று, தள்ளுபடிக் கட்டத்தைக் காலியாக விட்ட பில் ஒன்று, திரும்பி வந்த சரக்கின் பில் ஒன்று, இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒத்துவந்த பிறகே மின்விலைப்பட்டியல் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். வருமான வரி வாரியத்தின் தளம் ஜேசன் என்னும் தரவு வடிவிலும் பட்டியலை ஏற்றுக்கொள்கிறது. அது ஜாவாஸ்கிரிப்டிலிருந்தே பிறந்த வடிவம் என்பதால் தம்பிக்கு அந்தப் பகுதி எளிதாகவே இருக்கும். மாற்றுவதையும் புதிதாகச் சேர்ப்பதையும் ஒரே வாரத்தில் செய்ய அவரை விடாதீர்கள். கணக்கு இடித்தால் எந்த வேலையால் இடித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.