ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால்

வணக்கம் நண்பரே. வேதாரண்யத்தில் ஓடும் பிக்கப், வாங்கியதிலிருந்து ஃபோர் வீலை (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை போகும் வசதி) தொட்டதே இல்லை, இப்போது போட்டால் டேஷ்போர்டில் அதன் விளக்கு மினுக்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு எதையும் பிரிக்க விடாதீர்கள்.

முதலில் மண் பாதையில் வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கியரின் பல்லோடு பல் நேராக வந்தால்தான் ஃபோர் வீல் உள்ளே விழும். விழவில்லையா, அடியில் போய், ஃபோர் வீலை இணைத்துவிடும் கருவியான ஆக்சுவேட்டருக்குப் போகும் ஒயர் கனெக்டரைக் கழற்றுங்கள். உப்பளக் காற்றுக்குப் பின்களில் பச்சை பூத்திருக்கலாம். கனெக்டர் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் எலக்ட்ரீஷியன்.

சரியானதும் மாதம் ஒருமுறையாவது ஃபோர் வீலில் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்போதுதான் முன் டிஃபரென்ஷியலில் (முன் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) எண்ணெய் சுற்றும், சீல் காயாது, ஆக்சுவேட்டரும் இறுகாது. ஆனால் காய்ந்த தார் ரோட்டில் வேண்டவே வேண்டாம். திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும். உங்களுடையது போல வேண்டும்போது மட்டும் போடும் பார்ட் டைம் ஃபோர் வீலில் அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். உங்கள் பக்கம் சவுக்குத் தோப்பு மணல் பாதைக்கா பஞ்சம்?

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதை முடித்துவிடுங்கள்.