சுயேச்சைக்கு ஓட்டுப் போடலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் கேள்விகளும் பதில்களும்

பாலக்கோடு: அண்ணா, எங்க வீட்டில் தாத்தா காலத்திலிருந்து ஒரே சின்னம். இந்த முறை ஒரு சுயேச்சை நல்லவராத் தெரியறார். ஓட்டு வீணாயிடுமா?

வீணாகாது. தோற்றவருக்கு விழுந்ததெல்லாம் வீண் என்றால், இரண்டாவதாக வந்த பெரிய கட்சிக்கு விழுந்ததும் வீண்தான். ஆனால் "நல்லவராத் தெரியறார்" என்பது போதாது தம்பி. வேட்புமனுவோடு அவர் கொடுத்த படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கும். முதலில் வழக்குகள். அடுத்து ஐந்து வருட வருமானக் கணக்கையும் மனைவி பெயரில் உள்ள நிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று. பிறகு அரசு ஒப்பந்தம், அரசுக்குப் பாக்கி. படிவம் 26 படிக்காமல் யாருக்கும் போடாதீர்கள், கட்சிக்காரருக்கும்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி: சட்டமன்றத்துக்கு நானே நிற்கலாம்னு இருக்கேன். என்ன செய்யணும் சார்?

வயது 25 ஆகியிருக்க வேண்டும். டெபாசிட் ரூ.10,000, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், உங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் இங்கேதான்: பக்கத்து ஊர்க்காரர் ஆசையாகக் கையெழுத்துப் போடுவார், அவர் பெயர் அரூர் தொகுதிப் பட்டியலில் இருக்கும். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் புதிய பட்டியலில் நீங்களே ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். உங்கள் பெயரே வேறு தொகுதியில் இருந்தால், அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதீர்கள். "இல்லை" என்றாவது எழுதுங்கள். கோடு போட்டு விட்டுவிடாதீர்கள். தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கை மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பே திறந்துவிடுங்கள். சுயேச்சைச் சின்னப் பட்டியலிலிருந்து மூன்றை விருப்ப வரிசையில் எழுதுங்கள். மனுவைக் கொடுத்ததும் உறுதிமொழி எடுக்க வேண்டும். பரிசீலனை நாளுக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும், அன்று போய் எடுத்தால் செல்லாது. நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றுதான். கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்கு ஓடாதீர்கள், பிழை கண்டால் திருத்த நேரமிருக்காது.

செலவு வரம்பு ரூ.40 லட்சம். முடிவு வந்து 30 நாளில் கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்கத் தடை வரும். தோற்ற சுயேச்சைகள் பலர் மாட்டுவது இதில்தான்.

அரூர்: பத்துப் பேர் எதுக்கு? ஏழைங்க நிக்கக்கூடாதுன்னா?

1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. பத்துப் பேர் விதியும் டெபாசிட் உயர்வும் அதற்குப் பிறகு வந்தவை. உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் பத்துக் கையெழுத்துக்குப் பணம் தேவையில்லை.

பென்னாகரம்: சுயேச்சைக்குப் போட்டா ஓட்டு வீண்தானே?

பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்னதேதான். டெபாசிட் பயமா? பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் அது திரும்பும். உங்கள் ஊரில் 2010 இடைத்தேர்தலில் அதிமுகவே இழந்தது.

தேன்கனிக்கோட்டை: 2006இல் எங்க தளியில் ராமச்சந்திரன் சுயேச்சையா ஜெயிச்சார். அப்புறம் கம்யூனிஸ்ட் கட்சியில் நின்னார். சுயேச்சைன்னா கட்சிக்குப் போற வழிதானே?

2011இலும் 2021இலும் அவர் இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளராக அதே தொகுதியில் ஜெயித்தார் என்பது சரி. ஆனால் அடுத்த தேர்தலில் எந்தக் கட்சியில் நிற்பது என்பது வேறு, பதவிக்காலத்தில் தாவுவது வேறு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமான, அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி, சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும்.

ஓசூர்: அப்ப கட்சி எம்எல்ஏக்கள் கூட்டமா தாவுறாங்களே?

ஒரு கட்சி எம்எல்ஏக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியோடு இணைப்பு என்று ஒப்புக்கொண்டால் அவர்களுக்குத் தப்ப வழி இருக்கிறது. தனி ஆளான சுயேச்சைக்கு அந்த வழியே கிடையாது.

தேன்கனிக்கோட்டை: சேராம வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தா?

கொடுக்கலாம், அது சேர்வதாகாது. நல்ல இடத்தில் பிடித்தீர்கள். தகுதிநீக்கத்தைத் தீர்மானிப்பவர் சபாநாயகர், அவருக்குச் சட்டத்தில் கெடுவும் இல்லை. அதனால் ஓட்டுக் கேட்டு வரும்போதே எழுதி வாங்குங்கள்: நம்பிக்கைத் தீர்மானம் வந்தால் யார் பக்கம்? ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னும் கேளுங்கள். மழுப்பினால் அவரை விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவு இல்லாதவரிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தே தீர வேண்டும்.

ஓசூர்: சுயேச்சையால் தொகுதிக்கு நிதி வருமா?

தொகுதி மேம்பாட்டு நிதி எல்லா எம்எல்ஏவுக்கும் ஒரே தொகைதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்ற பெரிய வேலை துறை நிதியில் வருவது. அங்கே ஆளுங்கட்சிக்காரருக்கு வலு அதிகம், அதை மறைக்க மாட்டேன்.

பர்கூர்: ஊராட்சித் தலைவருக்கு எந்தக் கட்சிச் சின்னம்?

கட்சிச் சின்னமே கிடையாது. கட்சி அடிப்படை ஒன்றிய, மாவட்ட வார்டுகளுக்குத்தான்.

காரிமங்கலம்: வீடு மாறிட்டேன், ஓட்டு?

படிவம் 8. வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி: ஓட்டு வீண்தானே சார்?

மூன்றாவது முறை. மேலே படியுங்கள்.

வேப்பனப்பள்ளி: ஒரே பெயரில் நாலு சுயேச்சை நிற்கிறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2024இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். ஓட்டைப் பிரிக்கத்தான். பிரச்சாரமே செய்யாமல், வாக்குச்சாவடி முகவர் சீட்டில் மட்டும் வேறு கட்சி ஆட்களை உட்கார வைப்பவர் ஓட்டைப் பிரிக்க வேறொருவர் நிறுத்திய ஆள் என்று வையுங்கள்.

ஊத்தங்கரை: எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சுயேச்சை பெயர் எங்கே இருக்கும்?

கட்சிக்காரர்களுக்குக் கீழே, கடைசிப் பகுதியில். ஓர் இயந்திரத்தில் நோட்டாவோடு 16 வரிசைதான். வேட்பாளர் அதிகமானால் இரண்டாவது இயந்திரமும் பக்கத்தில் இருக்கும், முதலாவதிலேயே தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் படமும் சின்னமும் இருக்கும். நீலப் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குள் அந்தச் சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரியும். அது விழும்வரை நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள் அம்மாவை.