மழைக்கால எலுமிச்சை ஊறுகாயில் பூஞ்சணம்

வணக்கம்ங்க. மாடித் தோட்டத்து எலுமிச்சையை உப்பில் போட்டு, ஐப்பசி மழையில் வெயில் காட்ட முடியாமல் பூஞ்சணம் படர்ந்துவிட்டது, வழித்துவிட்டுச் சாப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், கொட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளேயும் இறங்கியிருக்கும்.

எலுமிச்சைக்கு வெயில் கட்டாயமே இல்லை. பழத்தைக் கழுவித் துடைத்து, ஃபேன் காற்றில் நன்றாக உலரவிட்டு நறுக்குங்கள். ஒரு கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு. இதில் கை சுருக்கவே கூடாது. துண்டுகள் சாற்றில் முழுசாக முங்கணும், போதாவிட்டால் இன்னும் நாலு பழம் பிழியுங்கள். மேலே எட்டிப் பார்க்கும் துண்டில்தான் பூஞ்சணம் ஆரம்பிக்கும். கண்ணாடி ஜாடியோ பீங்கானோ போதும். தினமும் உலர்ந்த மரக்கரண்டியால் கிளறினால் இரண்டு மூன்று வாரத்தில் தோல் மெத்தென்று ஆகிவிடும்.

மணத்தக்காளி வற்றலுக்கோ வெயில் வேண்டும், அதைப் போடத் தை பிறக்கட்டும். இப்போது காய்ப்பதைப் புளிக்குழம்பில் போட்டுவிடுங்கள்.