படகு யாருடையது என்பது கேள்வியே இல்லை

கேள்வி: மேடம், குந்தா பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாமல், வீட்டை ஒட்டி மூன்று ரூம் கட்டிக் காட்டேஜ் நடத்துகிறேன். 2025 மே சீசனில் கோவையிலிருந்து ஆறு பேர் வந்து தங்கினார்கள். அணைத் தண்ணீரில் மீன் பிடிக்க உரிமம் வைத்திருக்கும் என் பள்ளித் தோழனின் ஃபைபர் படகில் அவர்களை ஒரு நாள் சுற்ற அனுப்பினேன். காலையில் கிளம்பி, இரண்டு இடத்தில் நிறுத்திக் குளித்து, அக்கரைச் சோலையோரம் காட்டெருமை, கடமான் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவது திட்டம். இரண்டாவது இடத்தில் ஒரு பெண், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் படகிலிருந்து குதித்தார். தண்ணீருக்கடியில் இருந்த மரக்கட்டையில் மோதிக் கணுக்கால் உடைந்துவிட்டது. நானே மழையில் ஜீப்பில் ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போலீஸ் கேஸ் ஆகக் கூடாதென்று 'காட்டேஜ் படியில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லச் சொல்லி, நல்லபடியாக முடித்துக் கொடுத்தேன். இப்போது 12 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. படகு என்னுடையது இல்லை, ஓட்டியதும் நான் இல்லை. தோழன் போனை எடுப்பதே இல்லை. 'படகில் ஏறுவது அவரவர் சொந்தப் பொறுப்பு' என்று போர்டும் வைத்திருக்கிறேன். என்ன பதில் அனுப்புவது? (காட்டேஜ் உரிமையாளர், நீலகிரி)

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கி மேலே கொடுத்திருக்கிறேன். அணையின் பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான் எடுத்துவிட்டேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

முதலில் எவையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி சூப் வைத்துக் கொடுத்தது, கிளம்பும்போது வர்க்கி கட்டிக் கொடுத்தது, அவர்கள் உங்கள் அம்மாவிடம் மரியாதையில்லாமல் பேசியது, கூகுளில் ஒரே ஸ்டார் போட்டது, ஐந்தாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன் கைவிட்டது. வருத்தம் நியாயமானதுதான். ஆனால் எந்த நுகர்வோர் ஆணையமும் இதை வாசிக்காது. குதிக்க வேண்டாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சொன்னது படகுக்காரர். நீங்கள் அங்கே இல்லை.

கடிதத்தோடு வைத்திருந்த ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும். 21,600 ரூபாய் உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறது. குறிப்பில் 'ரூம் + போட்டிங்' என்று இருக்கிறது. ரூமுக்கு 12,000, படகுக்கு ஆளுக்கு 1,600 வீதம் 9,600. அதில் தோழனுக்கு 7,200 கொடுத்துவிட்டு 2,400 நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். விஷயம் இவ்வளவுதான். படகு யாருடையது, யார் ஓட்டினார் என்பதெல்லாம் உங்களுக்கும் தோழனுக்கும் நடுவில் உள்ள கணக்கு. அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை படகுச் சவாரியை விற்றவர் நீங்கள். நுகர்வோர் சட்டம் பார்ப்பது விற்றவரைத்தான்.

போர்டை நம்பாதீர்கள். 'சொந்தப் பொறுப்பு' என்று சுவரில் எழுதி வைத்தால் கவனக்குறைவு கழுவிப் போய்விடும் என்றால், ஊரில் எல்லா லாட்ஜும் சுவர் முழுக்க அதையே எழுதி வைத்திருக்கும். கோவளத்தில் ஓர் ஓட்டலின் நீச்சல் குளத்தில் விருந்தினர் ஒருவர் மூழ்கி இறந்தார். அங்கே உயிர்காப்பாளர் என்று ஓர் ஆள் இருந்தார், ஆனால் அவரிடம் பார் வேலையையும் கொடுத்திருந்தார்கள். ஓட்டல்தான் பொறுப்பு என்று 2019ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கட்டிய குளத்துக்கே அப்படி என்றால், அணைத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மின்சாரம் எடுக்க எடுக்க மட்டம் ஏறி இறங்கும். நேற்று ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இன்று தண்ணீருக்கு ஒரு முழம் கீழே மரக்கட்டை நிற்கும். உங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. கோவைக்காரருக்குத் தெரியாது. அதனால்தான் சொல்லும் பொறுப்பு உங்களுடையதாகிறது.

அடுத்து உரிமம். உங்கள் தோழன் மீனுக்கு வாங்கிய உரிமம் மனுஷனுக்குச் செல்லாது. வலை போட இரண்டு பேர் போகும் படகில் ஓட்டுபவரோடு ஏழு பேர், ஒரு லைஃப் ஜாக்கெட் கூட இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள படகிலோ அளவுக்கு மீறி ஏற்றிய படகிலோ கூலிக்கு ஆள் ஏற்றுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 284இன்படி குற்றம். அந்தப் பிரிவு ஓட்டியவரோடு நிற்பதில்லை, ஏற்றிச் செல்ல ஏற்பாடு செய்தவரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். கவனக்குறைவால் கொடுங்காயம் என்றால் அதே சட்டத்தின் 125(பி), மூன்று வருடம் வரை சிறை. விலங்கு பார்க்கும் படகில் நடக்கக்கூடியது இதைவிடப் பெரியது. 2009 செப்டம்பரில் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது. உங்களுக்குக் கணுக்காலோடு போயிற்று.

இதுவரை சொன்னதெல்லாம் நோட்டீஸ் அனுப்பிய வக்கீலுக்கும் தெரியும். உங்களுக்கு உண்மையான ஆபத்து, நீங்கள் 'நல்லபடியாக முடித்துக் கொடுத்தேன்' என்று பெருமையாக எழுதிய வரியில் இருக்கிறது.

ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில், எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்கிறோமே அதில், 'எப்படி நடந்தது' என்ற இடத்தில் டாக்டர் எழுதுவது அடிபட்டவர் சொன்னதை. அங்கே இப்போது என்ன இருக்கிறது? 'காட்டேஜ் படியில் வழுக்கி.' யாருடைய காட்டேஜ்? யாருடைய படி? தோழனைக் காப்பாற்ற நீங்கள் சொல்ல வைத்த அந்த ஒரு வரி, படகுக்காரரை முழுசாக விடுவித்து, விபத்தைத் தூக்கி உங்கள் வாசலில் போட்டுவிட்டது. அவர் போனை எடுக்காததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

உங்கள் மைத்துனர் ஒரு யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸில் படகு என்கிறார்கள், ஏ.ஆரில் படி என்கிறது, இந்த முரண்பாட்டைப் பிடித்துக் கேஸை உடைத்துவிடலாம் என்று. மைத்துனர் புத்திசாலி. அதைவிடப் பெரிய புத்திசாலிகள் இந்த வழியில் போய் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பழனி மலைப் பக்கம் ஒரு வழக்கில் கட்சிக்காரர் ஒருவர், ஜீப் சவாரியில் நடந்த விபத்தை ரூமில் நடந்ததாக எழுத வைத்தார். பிறகு அதையே ஆதாரமாக வைத்துப் பிரமாண வாக்குமூலமும் போட்டார். எதிர்த்தரப்பு ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் தாக்கல் செய்தது. 'டாக்டர் கேட்டா ரூம்லன்னு சொல்லுங்க சார்' என்று இவரே அனுப்பியது. அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வந்த எந்த உண்மையையும் யாரும் நம்பவில்லை. ஜீப்பை அவர் ஓட்டவில்லை என்பது நிஜம். அதையும் நம்பவில்லை.

நீங்கள் அப்படிச் செய்தி அனுப்பவில்லை என்று சத்தியம் செய்ய முடியுமா? கடிதத்தில் 'போனில் சொன்னேன்' என்று ஓரிடத்தில் இருக்கிறது, 'மெசேஜ் போட்டேன்' என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. தவிர, அந்த ஆறு பேரும் நாள் முழுக்கப் படகில் வீடியோ எடுத்திருப்பார்கள். இன்றைக்குக் காட்டெருமையைப் பார்த்துவிட்டு வீடியோ எடுக்காத மனுஷன் உண்டா? அதில் நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அவர் உங்கள் படியில் எப்படி வழுக்கியிருப்பார்? தெரிந்தே பொய்யான வாக்குமூலம் கொடுத்தால் நஷ்டஈட்டோடு போகாது, பொய் சாட்சியம் என்று தனிக் குற்றம் வரும். அவர்கள் தங்கவே இல்லை என்று சாதிக்கலாமா என்றும் மைத்துனர் கேட்டாராம். ஜிபே, ஆதார் நகல், வாசல் கேமரா, போதாக்குறைக்கு 2024 மேயிலிருந்து மலைக்கு வர இ-பாஸ் வேறு. அவரை இந்த விஷயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

சரி, உண்மையையே முழுசாக எழுதிவிடலாமா? கோபத்தில் நீங்களே தயாரித்து எனக்கு அனுப்பியிருக்கும் பதில் நோட்டீஸ் நகலை வாசித்தேன். 'உங்கள் கட்சிக்காரரின் குடும்பத்தினர்தான் காட்டெருமையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று அக்கரையில் இறங்கச் சொன்னார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அணை மின்வாரியத்துடையது. அக்கரை காப்புக்காடு என்றால் 1882ஆம் வருடத்துத் தமிழ்நாடு வனச் சட்டம். முக்குருத்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தில் பொதுவான அபராதத்தின் உச்சம் 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாகவும், வழக்கில்லாமல் தீர்த்துக்கொள்ளும் இணக்கத் தொகையின் உச்சம் 25,000லிருந்து 5 லட்சமாகவும் ஏறிவிட்டது. 12 லட்சத்துக்குப் பதில் சொல்கிறேன் என்று, யாரும் கேட்காத ஒரு வழக்குக்கு நீங்களே கையெழுத்துப் போட்டு வாக்குமூலம் கொடுக்கிறீர்கள். அணையின் பெயரை நான் ஏன் எடுத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆக, பொய் சொன்னாலும் மாட்டுவீர்கள், உண்மையை விரித்து எழுதினாலும் மாட்டுவீர்கள். இப்படிப்பட்ட இடத்தில் வழக்கு நடத்தக் கூடாது. ராஜியாகப் போங்கள்.

தோழன் மேல் வழக்குப் போட்டு வசூலிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அனுமதியில்லாத சவாரிக்காக இரண்டு பேர் செய்துகொண்ட ஏற்பாடு, ஒப்பந்தச் சட்டம் 23இன்படி செல்லாது. கூட்டுத் தவறில் பங்கு பிரித்துக் கொடுக்க நீதிமன்றம் வராது. அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. பாதிப் பணமாவது வந்தால் லாபம்.

எதிர்த்தரப்பு எவ்வளவு வசதியான இடத்தில் இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடக் கட்டணம் கணக்கிடுவது அவர்கள் கேட்கும் 12 லட்சத்தை வைத்து அல்ல, உங்களுக்குக் கொடுத்த 21,600ஐ வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. அவர்கள் கோவையிலேயே போடலாம், நீங்கள்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை இறங்க வேண்டும். புகார் போட அவர்களுக்கு 2027 மே வரை அவகாசம் இருக்கிறது, ஆறப் போட்டால் மறந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டால் பதில் போட 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15 நாள். 46ஆவது நாள் உங்கள் பதிலை வாங்கக் கூடாது என்று 2020ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. தோற்றால், மேல்முறையீட்டுக்கே பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

பதில் நோட்டீஸ் மூன்று வரி போதும், அதையும் ஒரு வக்கீல் மூலம் அனுப்புங்கள். நோட்டீஸ் கிடைத்தது, அதில் உள்ளவற்றை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை, உரிமைகளுக்குப் பங்கமில்லாமல் பேசித் தீர்க்கத் தயார். படகு, படி, காட்டெருமை எதுவும் வேண்டாம். ஆபரேஷன், பிளேட் எல்லாம் சேர்த்து 2,38,000 ரூபாய்க்குப் பில் இணைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே பேச்சு தொடங்காது. ஆனால் அதில் எவ்வளவு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டியது என்று கேளுங்கள். கேட்டவுடன் தொகை இறங்கிய பேச்சுவார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும். மூன்று மாதச் சம்பளம், கொஞ்சம் மன உளைச்சல் சேர்த்து 4 லட்சத்துக்குள் முடிந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள். தேயிலைத் தோட்டத்தை அடகு வைத்தாவது கொடுங்கள் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கொடுக்கும்போது ரொக்கம் கூடாது, வங்கி வழியாக மட்டும். அடிபட்ட பெண்ணே கையெழுத்துப் போட வேண்டும், கணவர் போட்டால் போதாது. 'இந்தச் சம்பவம் தொடர்பான எல்லா நஷ்டஈட்டுக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்ற வாசகம் இருக்கட்டும். 'போலீஸுக்குப் போகமாட்டேன்' என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். உங்கள் மைத்துனர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். பணம் கொடுத்துக் குற்ற வழக்கை அமுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அந்த ஒரு வரி சேர்ந்தால் மொத்தக் காகிதமும் கெட்டுப் போகும்.

சவாரியை இன்றோடு நிறுத்துங்கள். போனில் இருக்கும் படத்தையோ செய்தியையோ அழிக்க வேண்டாம், சாட்சியத்தை அழித்தது என்று அதற்கும் ஒரு பிரிவு உண்டு. புதிதாக எதையும் போடவும் வேண்டாம். நீங்கள் அனுப்பிய காட்டேஜ் போட்டோவில், 'சொந்தப் பொறுப்பு' போர்டுக்குப் பக்கத்தில் இன்னொரு போர்டு தெரிகிறது: 'போட்டிங், குளியல், காட்டெருமை, ஆளுக்கு 1,600.' கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். விறகு அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.