படகு உங்களுடையது, பூட்டு கிளப்புடையது

கேள்வி: பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் கிளப் ஒன்றில் 14 வருடமாக உறுப்பினராக இருக்கிறேன். பொதுக்குழுவில் கணக்குக் கேட்ட நாளிலிருந்து செயலாளர் என்னை ஓரங்கட்டுகிறார். என் லேசர் படகை (ஒருவர் ஓட்டும் சிறிய பாய்மரப் படகு) ஷெட்டின் கடைசி மூலைக்குத் தள்ளியதில் பாய் கிழிந்துவிட்டது. எதிர்ப்பைக் காட்ட எட்டு மாதம் படகு நிறுத்தும் கட்டணம் கட்டவில்லை. 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் வந்தது. பிறகு, பாக்கிக்காக உறுப்பினர் தகுதி முடிந்தது என்று இன்னொன்று. படகையும் தர மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா? என் படகை நானே போய் எடுத்து வரலாமா?

பதில்: கிளப் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். தமிழ்நாட்டில் இத்தகைய கிளப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஊரைச் சொன்னால் ஆளே தெரிந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் செயலாளர்தான். அதை ஓரமாக வையுங்கள். உங்களை வெளியேற்றிய கடிதத்தில் கணக்குக் கேட்ட கதை ஒரு வரிகூட இல்லை, எட்டு மாத பாக்கி மட்டும்தான் இருக்கிறது. நடத்தை சரியில்லை என்று நீக்கியிருந்தால் குற்றச்சாட்டைச் சொல்லி, உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். அந்தச் சிரமம் எதுவும் இல்லாத வாசலை அவருக்குத் திறந்துவிட்டது நீங்கள்தான்.

கிளப் எடுத்த முடிவு சரியா தப்பா என்று மேல்முறையீடு மாதிரி நீதிமன்றம் பார்ப்பதில்லை. விதிப்படி நடந்தார்களா, நல்லெண்ணத்தோடு நடந்தார்களா, உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்களா, அவ்வளவுதான். சங்கத்திலிருந்து நீக்கப்பட்ட டி.பி. டேவர் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே இன்றுவரை அளவுகோல். பழிவாங்கல் என்ற உங்கள் புகார் நல்லெண்ணம் என்ற இடத்தில் நுழையலாம்தான். ஆனால் பாக்கி உண்மை என்று நீங்களே ஒத்துக்கொள்ளும்போது அது எடுபடாது.

உங்களுக்குச் சாதகமானது ஒன்றே ஒன்று. கடைசியில் ஜெராக்ஸாக இணைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டீர்களே, அந்தத் துணைவிதி. பாக்கிக்காகத் தகுதி போக 30 நாள் அறிவிப்பு வேண்டும் என்கிறது. உங்களுக்குக் கொடுத்தது 14. வழக்கு என்று போனால் நான் அதை மட்டும்தான் பிடிப்பேன். பதிவாளரிடம் மனு போடும் யோசனை வேண்டாம். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-வது பிரிவில் விசாரணை கேட்க மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களாவது வேண்டும். நீங்கள் ஒரே ஆள்.

இப்போது படகுக்கு வருவோம். எனக்குப் பயமே இதில்தான். லேசர் ஏறத்தாழ 59 கிலோ. இரண்டு பேர் தூக்கினால் கார் மேல் கட்டிவிடலாம். என்னிடம் வந்த ஒருவர் அதைத்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரத்தில், மைத்துனரோடு. கேமராவில் முழுவதும் பதிவாகியிருந்தது. மறுநாளே புகார். "என் படகை நானே எப்படி சார் திருட முடியும்?" என்று கேட்டார்.

முடியும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில் ஒரு வாட்ச் உதாரணம் இருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்த வாட்சைக் கடைக்காரர் கூலி பாக்கிக்காகச் சட்டப்படி வைத்திருக்கும்போது, அந்தப் பிடியைக் கெடுக்கும் எண்ணத்தில் சொந்தக்காரரே எடுத்துப் போனாலும் அது திருட்டு. பாக்கி இல்லையென்றால் திருட்டு இல்லை. உங்களுக்குப் பாக்கி இருக்கிறது.

கிளப் படகைச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு, பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலவழித்தவருக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது. வெறுமனே நிறுத்த இடம் கொடுத்தவருக்கு இல்லை. 171-வது பிரிவின் பட்டியலில் வங்கி, காப்பீட்டுத் தரகர் எல்லாம் உண்டு, கிளப் இல்லை. ஆனால் ஷெட்டில் இடம் கேட்டு நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தில் 'பாக்கி தீரும்வரை படகை எடுக்க முடியாது' என்று ஒரு வரி இருந்தால் கதை மாறிவிடும். அந்தப் படிவத்தைத் தேடுங்கள். படகைத் தூக்கிப் போன அந்தக் கட்சிக்காரர் தேடவில்லை. கடைசியில் புகாரை வாபஸ் வாங்க வைப்பதற்காக, எந்த உறுப்பினர் தகுதிக்காகச் சண்டை போட்டாரோ அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்னொரு குழியும் உண்டு. செயலாளர் திடீரென்று இறங்கி வந்து, "புதுசா ஒரு விண்ணப்பம் கொடுங்க, சேர்த்துக்கறோம்" என்பார். கொடுக்காதீர்கள். கொடுத்தால் பழைய தகுதி போனது உண்மை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். 14 வருட சீனியாரிட்டியும் போய், புது நுழைவுக் கட்டணமும் கேட்பார்கள்.

சமாதானமாகப் போங்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், படகு அதுவரை அந்த மூலையிலேயே கிடக்கும். எட்டு மாத பாக்கி முழுவதற்கும் டிடி எடுங்கள். 'என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்' என்று ஒரு வரி, 30 நாள் விதியைக் குறிப்பிட்டு ஒரு பத்தி. செயலாளரைப் பற்றி ஒன்றும் வேண்டாம். இடைவெளி இல்லாமல் உறுப்பினராகத் தொடர்கிறேன் என்று கிளப் எழுத்தில் தர வேண்டும் என்பது மட்டும் உங்கள் நிபந்தனையாக இருக்கட்டும். கிழிந்த பாயை விட்டுவிடுங்கள்.

ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திருப்பினால் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே ஒரு வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.