கலம் சாக மறுத்தால் புற்றுநோயா?

உடலின் கலங்கள் (செல்கள்) தாமாகச் சாவதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்று, யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார்.

டிஎன்ஏ திருத்த முடியாதபடி பழுதானால், பி53 புரதம் பாக்ஸ் போன்ற புரதங்களை ஏவிவிடும். பாக்ஸ், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் வெளிமென்சவ்வில் துளை போடும். அதற்குள் இருக்கும் சைற்றோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசியும். அது தூண்டிவிட, கஸ்பேஸ் என்ற வெட்டும் நொதியங்கள் கலத்தை உள்ளிருந்தே வெட்டித் தள்ளும். எங்கள் பக்கம் வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்றில் அடிக்கடி கெட்டுப்போவது இந்த பி53தான்; அது கெட்டால் பழுதான கலம் சாகாமல் தங்கிவிடும்.

பாக்ஸை அடக்கி வைப்பது பிசிஎல்-2 என்ற இன்னொரு புரதம். சரி, அது மிஞ்சிப்போனால்? ஃபொலிக்குலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் பெரும்பாலும் 14ஆம், 18ஆம் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) துண்டு மாறி ஒட்டிக்கொள்ள, பிசிஎல்-2 ஓயாமல் உருவாகிறது. கலம் வேகமாகப் பெருகுவதைவிட, சாகாமல் தேங்குவதே அங்கே சிக்கல். 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனெற்றோகிளாக்ஸ் மருந்து, பிசிஎல்-2இல் ஒட்டி அதன் பிடியை விடுவிக்கிறது, முதலில் ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோய்க்குத்தான் கொடுத்தார்கள்.