கணினி கேள்வி–பதில்: தினமும் காலையில் வன்தட்டைச் சோதிக்கும் கணினி

கேள்வி: நான் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். எங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 உள்ள மேசைக்கணினி. மூன்று வாரங்களாகக் காலையில் அதைத் திறந்ததும் சி டிரைவைச் சோதிப்பதாகச் சொல்லி முக்கால் மணி நேரம் ஓடுகிறது. பெரட்டு (தொழிலாளர்களின் காலை அணிவகுப்பு) முடிந்து செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) பதிய உட்காரும் நேரம் என்பதால் பெரும்பாலும் ஏதாவது ஒரு விசையை அழுத்தித் தாண்டிவிடுகிறேன். இரண்டு முறை முழுமையாக ஓடவிட்டேன். நான்கைந்து நாள் வராமல் இருந்து மீண்டும் தொடங்கிவிட்டது. மாலையில் இடி மழையென்றால் மின்சாரம் போய்விடும். அலுவலகத்தைப் பூட்டும் காவலாளி சுவர் சுவிட்சையும் அடைத்துவிடுவார். இச்சோதனையை ஒரேயடியாக நிறுத்த வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் முழுமையாக ஓடவிட்ட பிறகு நான்கைந்து நாள் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை முதலில் கவனிப்போம்.

கோப்பு அமைப்பில், அதாவது டிரைவில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஏற்பாட்டில், ஒழுங்கின்மை எதையேனும் கண்டால், விண்டோஸ் அந்த டிரைவின் மீது ஒரு குறியை இட்டுவைக்கிறது. அடுத்த முறை கணினி தொடங்கும்போது, விண்டோஸ் முழுமையாக எழும்புவதற்கு முன்பே, ஆட்டோசெக் என்னும் சிறு நிரல் அக்குறியைப் பார்த்துச் சோதனையில் இறங்குகிறது. சோதனை முடிந்து பிழைகள் திருத்தப்பட்டால்தான் குறி அழியும். விசையை அழுத்தித் தாண்டினால் குறி அப்படியே நிற்கும். மறுநாளும் சோதனை வரும். உங்கள் கணினியில் குறி அழியவும் செய்கிறது, சில நாளில் மீண்டும் விழவும் செய்கிறது. எது அதை மீண்டும் இடுகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காவலாளி மீது பழியைப் போடுவது எளிது. திரை இருண்ட பின்னும் வன்தட்டு சில விநாடி எழுதிக்கொண்டிருக்கும் என்பதால், பெட்டியின் விளக்கு அணையும் வரை சுவிட்சைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். ஆயினும் சி டிரைவில் இருக்கும் என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு அமைப்பு, 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்த நாள் முதலே, கோப்பு அமைப்பில் செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் குறித்துவைத்துக்கொள்கிறது. மின்சாரம் திடீரென்று போனாலும், பெரும்பாலும் அப்பதிவேட்டைப் பார்த்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஆகவே குறி திரும்பத் திரும்ப விழுந்தால், முதலில் வன்தட்டையும் அதன் கேபிளையும்தான் நான் சந்தேகிப்பேன். மின்சாரம் போனாலும் சிறிது நேரம் கணினியை ஓடவைக்கும் யூபிஎஸ் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். இடி மழை உள்ள ஊரில் யூபிஎஸ் அவசியம்தான். ஆனால் தேய்ந்துபோன வன்தட்டை அது காப்பாற்றாது.

இன்றைக்கே செக்ரோல் கோப்புகளையும் மற்ற கணக்குகளையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுங்கள். இதற்கு முன் வேறெதையும் செய்ய வேண்டாம். பழுதான வன்தட்டில் நீண்ட சோதனையை ஓட்டுவது, மிச்சமிருக்கும் உயிரையும் அதிலேயே செலவழித்துவிடலாம்.

அதன் பின் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச நிரலைத் திறந்து பாருங்கள். வன்தட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கை அது காட்டும். 05 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போய் மாற்றிடம் பெற்ற பகுதிகளைக் குறிக்கிறது. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளைக் குறிக்கிறது. இவற்றில் பூஜ்யத்துக்கு மேல் எண்ணிக்கை இருந்து, அது நாளுக்கு நாள் கூடவும் செய்தால் வன்தட்டை மாற்றிவிடுங்கள். பழுதுபார்க்க முயல்வது வீண். சி7 என்ற வரி மட்டும் ஏறுகிறதென்றால் வன்தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலுள்ள சாட்டா கேபிளில் கோளாறு இருக்கக்கூடும். மலிவான அக்கேபிளை மாற்றிப் பாருங்கள். சி7 எண் பழைய நிலைக்குத் திரும்பாது, மேற்கொண்டு ஏறாமல் நின்றாலே போதும்.

எண்கள் நன்றாக இருந்தால், ஒரு மாலை வேலை முடிந்ததும் சோதனையை ஒரு முறை தடையின்றி ஓடவிடுங்கள். அதற்கு சி டிரைவின் மீது வலது சொடுக்கு செய்து, பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் டூல்ஸ் பகுதிக்குச் சென்று, செக் பொத்தானை அழுத்தலாம். கணினி தொடங்கும்போது நடந்த சோதனையின் முடிவு, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில், அப்ளிகேஷன் பதிவில், வின்இனிட் என்ற பெயரோடு 1001 என்னும் எண்ணில் இருக்கும். எந்தெந்த நாளில் என்ன திருத்தப்பட்டது என்பதை அங்கே படித்து, அந்நாள்களில் மின்சாரம் போனதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். காவலாளியின் வழக்கும் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி, நீங்கள் கேட்ட நிறுத்தும் வழி. கட்டளைச் சாளரத்தில் செக்என்டிஎஃப்எஸ் (chkntfs) என்னும் கட்டளையோடு /x என்பதையும் டிரைவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால், தொடக்கச் சோதனை அந்த டிரைவை விட்டுவிடும். குறி அழியாது, பழுதும் போகாது; அதை உங்களுக்குச் சொல்பவர் இல்லாமல் போவார், அவ்வளவே. சம்பளக் கணக்கு இருக்கும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

கேள்வி: என் மகளின் பென்டிரைவைச் சொருகும் போதெல்லாம் அதில் பிழை இருப்பதாகவும் சோதிக்க வேண்டும் என்றும் கணினி கேட்கிறது. பென்டிரைவ் கெட்டுவிட்டதா? (அதே ஊரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: பெரும்பாலும் இல்லை, அம்மா. பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு அமைப்புகளில் மேலே சொன்ன பதிவேடு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கையில் பிடுங்கினாலே குறி விழுந்துவிடும். பாடங்களை நகலெடுத்துவிட்டு ஒரு முறை சோதிக்கவிடுங்கள், பிறகு ‘எஜெக்ட்’ கொடுத்தே கழற்றச் சொல்லுங்கள். அப்படியும் திரும்பத் திரும்பக் கேட்டால் புதிதாக ஒன்று வாங்கிக்கொடுங்கள்.